விரல் இந்தப் பக்கம், குப்பி அந்தப் பக்கம்

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கண்ணாடிக் கடை முகவரிக்கு எழுதுகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அண்ணி பிரித்துவிடுவார். அண்ணி பிரித்தால் அடுப்பில் இருப்பதை இறக்குவதற்குள் தங்கைக்கு விஷயம் போய்விடும். அந்தத் தங்கையைக் கட்டிக்கொண்டவன் நான். ஆகவே கடை. போனில் பேசலாம்தான். ஆனால் இந்தக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக்காரர் தும்மினால் நாங்கள் திரும்பிப் பார்ப்போம். அதோடு, கேட்க வேண்டியதை வாயால் கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை.

என் வேலையைப் பற்றி உங்களிடம் நிறைய அளந்திருக்கிறேன். மாமனார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "அண்ணன் கண்ணாடி துடைக்கிறார், நான் கண்ணாடிக்குப் பின்னால கதிர்வீச்சையே கட்டி மேய்க்கிறேன்" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தவன் நான்தான். பெண் கொடுத்த வீட்டில் பெரிய மாப்பிள்ளையை மட்டம் தட்டுவது எனக்கு அப்போது சுகமாக இருந்தது. நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். இப்போது அளக்காமல் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு மூடிய அறை. உள்ளே கதிர்வீச்சு மருந்து இருக்கும், மனிதர் போகக் கூடாது. இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு முழத்துக்கும் மேல் கனமான ஈயக் கண்ணாடி. இங்கே ஒரு பிடியை அசைத்தால் அங்கே ஓர் இரும்புக் கை அசையும். அந்தக் கையால் குப்பியை எடுத்து, மூடி திறந்து, மருந்தை அளந்து, ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் சின்னக் குப்பிகளில் ஊற்றுவேன். பழைய கைகள் கம்பியால் இணைத்தவை. அங்கே இரும்பு விரல் மேசையில் பட்டால் இங்கே என் உள்ளங்கையில் தெரியும். எதையும் பிடிப்பதற்கு முன்னால் மேசையை டக் டக் என்று தட்டுவேன். தட்டிக்கொண்டே நகர்த்தி, குப்பியில் முட்டியதும் பிடிப்பேன். அது என் ஸ்டைல் என்று எல்லாரும் நினைத்து, ‘தட்டான்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அது ஸ்டைல் இல்லை அண்ணே. எனக்குத் தூரம் தெரியாது. தட்டித்தான் தெரிந்துகொள்வேன்.

இப்போது புதுக் கைகள் வந்துவிட்டன. கம்பி கிடையாது, மோட்டார். தட்டினால் கையில் ஒன்றும் வராது. ஈயக் கண்ணாடிக்குப் பதில் உள்ளே ஒரு கேமரா, இங்கே ஒரு திரை. கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பார்த்தால் குப்பிகள் திரையை விட்டு வெளியே வந்து நிற்குமாம். மாட்டிப் பார்த்த ஆளெல்லாம் "அட, தொட்டுடலாம் போல இருக்கே" என்றார்கள். நானும் "ஆமாப்பா" என்றேன். எனக்கு எல்லாம் சுவரில் ஒட்டிய காலண்டர் மாதிரிதான் தெரிந்தது.

புதுக் கையில் உட்கார வேண்டுமானால் கண் பரிசோதனையில் தேற வேண்டுமாம். கல்யாணமான புதிதில் உங்கள் கடையில் விளையாட்டாக இதே மாதிரி ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு ஒரு படப் புத்தகம் காட்டினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? கட்டத்துக்கு நாலு வட்டம், அதில் எது மேலே எழும்பித் தெரிகிறது என்று கேட்டீர்கள். எனக்கு எதுவும் எழும்பவில்லை. உங்கள் முகம் மாறியது. "இடது கண்ணு சோம்பேறிக் கண்ணு தம்பி, சின்ன வயசுலயே பார்த்திருக்கணும்" என்றீர்கள். யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன், இன்று வரை நீங்கள் சொல்லவில்லை. டாக்டரம்மா மேசையில் இருப்பதும் அதே புத்தகம்தான். அட்டையைப் பார்த்துவிட்டு வந்தேன்.

கட்டத்துக்குக் கட்டம் எது எழும்பும் என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா? இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

உங்கள் சகலை


பிப்ரவரி 12

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தபோது கடையில் ஓர் அம்மாள் ஒரு மணி நேரமாக ஃப்ரேம் மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தார். தபால்காரர் எல்லார் எதிரிலும், "கடைக்குக் காதல் கடுதாசியா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த அம்மாள் ஃப்ரேமை விட்டுவிட்டு என்னையே பார்க்க ஆரம்பித்தார். வியாபாரம் போயிற்று.

திட்டத்தான் உட்கார்ந்தேன். முதலில் உன் கண்ணைப் பற்றி. இரண்டு கண்ணும் ஒரே பொருளைப் பார்த்தாலும் படம் இரண்டு விதம். ஒன்று கொஞ்சம் இந்தப் பக்கமிருந்து, மற்றது கொஞ்சம் அந்தப் பக்கமிருந்து. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை தூரத்தைக் கணக்குப் போடுகிறது. உன் மூளை சின்ன வயதிலேயே இடது கண்ணை வேலையை விட்டு நீக்கிவிட்டது. இந்த வயதில் நான் எந்த லென்ஸ் போட்டாலும் திரும்பச் சேர்த்துக்கொள்ளாது.

அதற்காக ஒற்றைக் கண்ணால் பார்ப்பவர்கள் யாரும் வண்டி ஓட்டாமலா இருக்கிறார்கள்? நிழலைப் பார்ப்பார்கள், தலையை இப்படி அப்படி அசைப்பார்கள், பெரிசு சிறிசு வைத்துச் சமாளிப்பார்கள். நீயும் கூடுதலாகத் தட்டிப் பார்த்துச் சமாளித்தாய், அது உன் கெட்டிக்காரத்தனம். ஆனால் திரையின் முன்னால் நீ தலையை அசைத்தால் என்ன மாறும்? கேமரா அசையாதே. நாலு பக்கமும் விளக்குப் போட்ட அறையில் நிழல் எங்கே விழும்? தட்டினாலும் கைக்கு வராது என்கிறாய். உன் ஊன்றுகோலை எல்லாம் ஒரேயடியாகப் பிடுங்கிவிட்டு நடக்கச் சொல்கிறார்கள். இது விளையாட்டு இல்லை தம்பி.

‘முடியாது’ என்று ஒரு கடிதம் எழுதினேன். கிழித்துவிட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் நீ என்னிடம் ஒன்று கேட்பது இதுதான் முதல் தடவை. எனக்கு அது பிடித்திருந்தது. அந்தக் கண்ணாடி துடைக்கிற பேச்சு என் மனதில் தைத்த இடத்தில் யாரோ மருந்து தடவியது போல இருந்தது. பாசத்தில் செய்கிறேன் என்று நினைத்துவிடாதே.

மேல், கீழ், வலம், இடம். முதல் எழுத்தை மட்டும் பார். ஒன்பது கட்டத்துக்கும் ஒன்பது வார்த்தை:

வந்த மேனேஜர் வழுக்கி இடறிக் கீழே, மேலும் இருமுறை வழுக்கிக் கீழே.

மறக்க மாட்டாய். ஒரே ஒரு நிபந்தனை. அந்த அறையில் பக்கவாட்டில் இன்னொரு கேமரா வைக்கச் சொல். முன்னால் பார்ப்பது ஒரு திரை, பக்கத்திலிருந்து பார்ப்பது ஒரு திரை. விரலுக்கும் குப்பிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி பக்கத்திலிருந்து பார்த்தால் உன் கண்ணுக்கும் தெரியும். அது வரும்வரை புதுக் கையைத் தொடாதே. சத்தியம் பண்ணிவிட்டு அப்புறம் மேனேஜரை வழுக்க விடு.

அண்ணன்


மார்ச் 1

அன்புள்ள அண்ணனுக்கு,

மேனேஜர் வழுக்கினார், நான் தேறினேன்!

டாக்டரம்மா அந்தக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டுக் கட்டம் கட்டமாகக் கேட்டார். உடனுக்குடன் சொன்னால் சந்தேகம் வரும் என்று நாலாவது கட்டத்தில் கொஞ்சம் இழுத்தேன். கண்ணைச் சுருக்கினேன். "இடது... ஆமா, இடதுதான்" என்றேன். சினிமாவுக்குப் போயிருக்கலாம். "ரொம்ப நல்ல பார்வை சார் உங்களுக்கு" என்று கையெழுத்துப் போட்டார்.

வெளியே வரும் வரை சந்தோஷமாக இருந்தது. எனக்கு முன்னால் என்னோடு வேலை செய்பவர் ஒருவர் உள்ளே போயிருந்தார். நிதானமான மனிதர், சத்தமே வராமல் வேலை செய்வார். அவர் கடைசி இரண்டு கட்டத்தில் "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டாராம். ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். வராந்தாவில் என் கையைப் பிடித்து, "நீ பாஸா? நல்லது தட்டான், நல்லது" என்றார். எனக்கு ஒன்பதிலும் தெரியாது. அவர் கையிலிருந்து என் கையை எடுத்துக்கொள்ள அவசரப்பட்டேன்.

பக்கத்துக் கேமரா கேட்டிருக்கிறேன். பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கவலைப்படாதீர்கள்.

நம் அத்தையின் தொண்டை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், என் மனைவி சொன்னாள். அம்மாவோடு இருக்க அவள் அடுத்த வாரம் அங்கே வருகிறாள். இந்த விஷயம் மட்டும் அவள் காதுக்குப் போக வேண்டாம்.

உங்கள் சகலை


ஏப்ரல் 19

தம்பிக்கு,

வீட்டில் நடந்ததை உன் மனைவி போனில் சொல்லியிருப்பாள். அவளுக்குத் தெரியாத ஒன்றை நான் கேட்க வேண்டியிருக்கிறது. அதற்காக எழுதுகிறேன்.

அத்தைக்கு ஆபரேஷனில் தைராய்டை எடுத்தது போக மிச்சம் ஒட்டிக்கொண்டிருப்பதை அழிக்க, கதிர்வீச்சு மருந்து குடிக்க வேண்டும் என்றார்கள். அதற்காக வாரக்கணக்கில் தைராய்டு மாத்திரையை நிறுத்தி வைத்தார்கள், அயோடின் கலந்த கடை உப்பையும் நிறுத்தினார்கள். முகம் வீங்கி, குரல் கட்டி, மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிடுவார். இருந்தும் முனகவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று வார்டில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டு, "இந்த மருந்து எங்கேயிருந்து வருது தெரியுமா? என் சின்ன மாப்பிள்ளை கைப்பட்டு வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நர்ஸ் கூட வந்து கேட்டுவிட்டுப் போனாள். பக்கத்தில் ஃபிளாஸ்கைப் பிடித்துக்கொண்டு பெரிய மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தேன்.

மருந்து வரவில்லை. மத்தியானம் வரை பார்த்துவிட்டு, தயாராகிற இடத்தில் ஏதோ கொட்டிப்போய்விட்டது, அடுத்த தடவைதான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதுவரை மாத்திரை கிடையாது, உப்பு கிடையாது, அந்த வீங்கின முகத்தோடு அப்படியே இருக்க வேண்டியதுதான். ஆட்டோவில் ஏறும்போது அத்தை என்ன சொன்னார் தெரியுமா? "சின்ன மாப்பிள்ளை அன்னைக்கு லீவுல இருந்திருப்பாரு. அவரு இருந்தா இப்படி நடக்குமா?"

நீ அன்றைக்கு லீவா? பக்கத்துக் கேமரா வந்ததா? வேறு எதுவும் எழுத வேண்டாம். இந்த இரண்டுக்கும் பதில் எழுது.

அண்ணன்


ஏப்ரல் 26

அண்ணே,

லீவு இல்லை. கேமரா வரவில்லை. நான் கேட்கவே இல்லை.

கேட்டால் எதற்கு என்பார்கள். எல்லாருக்கும் ஒரு திரை போதும்போது தட்டானுக்கு மட்டும் ஏன் இரண்டு என்று யோசிப்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து உங்களிடம் பொய் எழுதினேன். முதல் சில நாட்கள் சமாளித்தேன். குப்பிகள் எங்கே எங்கே இருக்கும் என்று இடத்தை மனப்பாடம் செய்துகொண்டேன். குப்பிகள் வைத்த தட்டை யாரும் நகர்த்தாதவரை பிழைத்தேன்.

அன்றைக்கு யாரோ தட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள். எனக்கு அது தெரியவில்லை. திரையில் இரண்டு விரலுக்கும் நடுவே பெரிய குப்பியின் கழுத்து அழகாக இருந்தது. பிடியை இறுக்கினேன். உண்மையில் விரல் இந்தப் பக்கம், குப்பி அந்தப் பக்கம். வெறும் காற்றைப் பிடித்துக்கொண்டு, பிடித்துவிட்டேன் என்ற நினைப்பில் கையை முன்னால் நீட்டினேன். மணிக்கட்டு இடித்துச் சாய்த்தது. அன்றைக்கு எல்லா ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டிய மருந்து அதில்தான் இருந்தது. உருண்டு போய் விளிம்பில் நின்றது, பிறகு விழுந்தது. சத்தம் கூடக் கேட்கவில்லை. திரையில் ஓர் ஈரம் பரவுவது மட்டும் தெரிந்தது.

அத்தையின் பெயர் எந்தக் குப்பியிலும் எழுதியிருக்காது. யாருக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது, நாங்களும் கேட்க மாட்டோம். மருந்து தள்ளிப்போச்சு என்று மட்டும்தான் அவள் போனில் சொன்னாள், கொட்டியதால் என்பது உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

இதோடு போகவில்லை. கேவலம் மிச்சம் இருக்கிறது, அதையும் கேளுங்கள். மோட்டார் கோளாறாக இருக்கலாம் என்று முதலில் பேசினார்கள். நானும் தலையாட்டினேன். எதற்கும் இருக்கட்டும் என்று மறுபடி கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். டாக்டரம்மா புத்தகத்தைத் திறந்து வைத்துவிட்டு மேசை டிராயரில் எதையோ தேடினார். எனக்கு ஒரே படபடப்பு. கேட்டுவிட்டார் போல என்று நினைத்து ஆரம்பித்துவிட்டேன். "வலம், மேல், வலம், இடம், கீழ்..." ஒன்பதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். கையில் அந்தக் கண்ணாடி இருந்தது. "நான் இன்னும் கண்ணாடியே குடுக்கலையே சார்" என்றார்.

அது இல்லாமல் உலகத்தில் யாருக்குமே அந்த வட்டம் எழும்பாது, இல்லையா அண்ணே? நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். எல்லாமே சரியான விடை. அவர் கோபப்படவில்லை. புத்தகத்தை மெதுவாக மூடினார். என்னைப் பார்க்காமல், "யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார். வேறு ஆஸ்பத்திரியில் பார்த்து நானே மனப்பாடம் செய்ததாகச் சொன்னேன். நம்பவில்லை, ஆனால் அப்படியே எழுதிக்கொண்டார்.

புதுக் கையை விட்டு என்னை எடுத்துவிட்டார்கள். ஸ்டோருக்குப் போன அந்த நிதானமான மனிதரைத் திரும்பக் கூப்பிட்டு, பக்கத்துக் கேமராவும் வைத்து உட்கார வைத்திருக்கிறார்கள். வேலையே இருக்குமா என்பது விசாரணைக்குப் பிறகு தெரியும். கேண்டீனில் நான் உட்கார்ந்த மேசைக்கு யாரும் வருவதில்லை. வந்தாலும் என்ன பேசுவேன்? ஒரு டம்ளரை எடுக்கும்போது கூட எல்லாரும் என் கையையே பார்ப்பது போல இருக்கிறது.

உங்கள் சகலை என்று எழுதவும் கூசுகிறது.


மே 2

மரியாதைக்குரிய சின்ன மாப்பிள்ளை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கேமரா கேட்டிருக்கிறேன் என்று தாங்கள் எழுதியதைப் படித்து நான் நிம்மதியாக இருந்தேன். தங்களைப் போன்ற பெரிய மனிதர்கள் சொல்வதைக் கண்ணாடிக் கடைக்காரன் நம்பத்தானே வேண்டும்?

நாலு வரி இந்த மாதிரி எழுதிப் பார்த்தேன், வரவில்லை. விடு.

நான் நம்பவில்லை. அதுதான் விஷயம். ‘கேட்டிருக்கிறேன்’ என்ற உன் வரியைப் படித்ததும் பொய் என்று தெரிந்துவிட்டது. என்னிடம் பவரை மறைக்கிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன், "நல்லாத் தெரியுது, நல்லாத் தெரியுது" என்று அவசரமாகச் சொல்வார்கள். உன் வரியும் அதே அவசரத்தில் இருந்தது. தெரிந்தும் நான் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ மாட்டிக்கொள்வாய், நீ மாட்டிக்கொண்டால் நானும் மாட்டிக்கொள்வேன். கடிதத்தை மடித்து லென்ஸ் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

டாக்டரம்மா கேட்டும் என் பெயரைச் சொல்லாமல் இருந்திருக்கிறாய். நன்றி என்று எழுதினேன், அந்த வார்த்தையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது, அடித்துவிட்டேன். நேற்று ஒரு தாய் தன் பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். மாறுகண் மாதிரி இருக்கிறது, சோதித்துப் பாருங்கள் என்றாள். புத்தகத்தை எடுக்கக் கை போயிற்று. எடுக்க முடியாமல், பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தக் குழந்தை வாசலில் போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தது.

அத்தைக்குப் புதிய தேதி கொடுத்திருக்கிறார்கள், பதினாலாம் தேதி. இன்னமும் நீ லீவில் இருந்ததாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் சொல்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் சாப்பிட முடியவில்லை. நீ வந்து சொல். நான் சொல்லலாம், ஆனால் சொன்னால் உன்னைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு என்னைப் பற்றி முழுங்கிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

வா. அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் நிற்கிறேன்.

அண்ணன்


மே 16

அன்புள்ள அண்ணனுக்கு,

நேற்று முன்தினம் நீங்கள் வராந்தாவில் நின்றீர்கள். நான் வெளியே வந்தபோது என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பஸ் நிலையம் வரை இருவரும் வெயிலைப் பற்றிக் கூடப் பேசாமல் நடந்தோம். உள்ளே நடந்தது உங்களுக்கும் உரியது. அதனால் எழுதுகிறேன்.

நான் உள்ளே போனதும் அத்தை எழுந்து உட்கார்ந்தார். அந்த முகத்தை நான் அதுவரை பார்க்கவில்லை அண்ணே. கண் இடுங்கிப் போயிருந்தது. கட்டிப்போன குரலில் பக்கத்துக் கட்டில் அம்மாளைக் கூப்பிட்டு, "நான் சொன்னேனே, இவருதான். லீவு போட்டுட்டு வந்திருக்காரு பாருங்க" என்றார். அந்த அம்மாள் எனக்குக் கும்பிடு போட்டார். அந்த நிமிஷம் தரை பிளந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

அந்த அம்மாள் எதிரிலேயே சொன்னேன். தனியாகச் சொல்லலாம் என்று காத்திருந்தால் எனக்குத் தைரியம் போய்விடும். "அன்னைக்கு நான் லீவுல இல்ல அத்தை. கொட்டினது நான்தான். எனக்கு ஒரு கண்ணு சரியா வேலை செய்யாது. தூரம் தெரியாது. தெரியும்னு பொய் சொல்லித்தான் உட்கார்ந்தேன்."

அத்தைக்குப் புரிய நேரம் பிடித்தது. "இவளுக்குத் தெரியுமா?" என்றார். கால்மாட்டில் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி மடிப்பதை நிறுத்தியிருந்தாள். அவளுக்கும் அப்போதுதான் தெரியும். அவள் என்னைப் பார்க்கவில்லை, துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று வரை பார்க்கவில்லை.

"டாக்டரு சோதிச்சிருப்பாங்களே? எப்படி விட்டாங்க?" என்று அத்தை கேட்டார். மனப்பாடம் செய்துகொண்டு போனேன் என்றேன். "யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். அத்தை கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு கதவைத் தாண்டி வராந்தாவைப் பார்த்தார். நீங்கள் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு நோட்டீஸ் போர்டைப் படித்துக்கொண்டிருந்தீர்கள். அத்தை பார்த்துவிட்டார் அண்ணே. நான் சொல்லவில்லை, ஆனால் அவருக்குத் தெரியும். இதை உங்களிடம் மறைக்கக் கூடாது.

மன்னிச்சிடுங்க என்று கேட்டேன். போர்வையை இடுப்பு வரை இழுத்துவிட்டுக்கொண்டார். அதற்குள் நர்ஸ், ஈயப் பெட்டியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். கூட இருப்பவர்கள் எல்லாம் வெளியே போக வேண்டும், அத்தையைத் தனி அறைக்கு மாற்றப் போகிறோம் என்றாள். அந்தப் பெட்டியை நான் ஆயிரம் தடவை மூடி அனுப்பியிருக்கிறேன். அது வந்து சேரும் இடத்தில் ஒரு நாளும் நின்றதில்லை.

அத்தை அதைப் பார்த்தார். கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம் இரும்மா" என்று நர்ஸை நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

"இது யாரு எடுத்து வச்சது?"

"வேற ஒருத்தர் அத்தை. என்கூட வேலை பார்க்கிறவர்."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்ற ஆளா அவரு?"

அன்றைக்கு வராந்தாவில் என் கையைப் பிடித்தவர் நினைவுக்கு வந்தார். "ஆமா அத்தை. சொல்வாரு" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு, கட்டிலை விட்டு இறங்கச் செருப்பைத் தேடினார். நான் குனிந்து எடுத்துப் போடப் போனேன். அவரே காலால் துழாவி மாட்டிக்கொண்டு, நர்ஸின் தோளைப் பிடித்தபடி அந்த அறைக்குள் போனார்.